எல்லாருக்கும் மாமா

திருவையாறு, கிளிநொச்சி
24.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த நேரத்தில் இருந்து எழுதுகிறேன் என்று ஏசாதேங்கோ. பதினொரு மணி தாண்டிவிட்டது. வேறு நேரம் எனக்கு இல்லை. லக்ஷன் இப்போதுதான் மடியை விட்டு இறங்கிப் படுத்தான். எழுத்து கோணினால் அது நித்திரை. உங்கள் தங்கச்சி பட்டதாரி என்பதில் சந்தேகம் வேண்டாம்.

நீங்களும் சஜீவன் அத்தானும் எப்படி? பிரியந்தினியின் இருமல் விட்டதோ? தண்ணீரூற்றுக்கு வந்து பிள்ளையைப் பார்க்க வேணும் என்று வாரா வாரம் நினைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமையும் கடை. நிரஞ்சன் சுகம். ஆனையிறவில் உப்பளத்து வேலை மழை தொடங்கும் மட்டும்தான், ஒரு பிள்ளைக்கு அப்பாவாகிவிட்ட மனிதருக்கு அதுதான் கவலை.

போனில் கதைக்கலாம்தானே என்பீர்கள். பகலில் எங்கள் போன் எல்லாம் கடையில் வாங்கி வைக்கிற ஒரு பிஸ்கட் பெட்டிக்குள். இரவில் உங்களுக்கு எடுத்தால் அத்தான்தான் ஹலோ சொல்கிறார். அவருக்குக் கேட்கக்கூடாத கதை என்றில்லை. ஆனால் கதை அவருடைய சொந்த மாமாவைப் பற்றியது. அதுதான் உங்கள் பள்ளிக்கூட விலாசத்துக்குப் போடுகிறேன்.

இந்தப் புடவைக்கடை வேலையை நீங்கள்தான் எடுத்துத் தந்தீர்கள். அந்த நன்றியை மறக்கவில்லை. முதல் நாள் நான் "முதலாளி" என்று கூப்பிட, அப்புத்துரை மாமா கையைக் காட்டித் தடுத்தார். "முதலாளி எண்டு சொல்லாதேயும் பிள்ளை. சஜீவனுக்கு நான் மாமா எண்டால் உமக்கும் மாமாதான். இஞ்ச நிக்கிற எல்லாருக்கும் நான் மாமா. நாங்கள் ஒரு குடும்பம்." எனக்கு அன்றைக்கு மனம் குளிர்ந்துபோனது, அக்கா.

இரண்டு மாதத்தில் தெரிந்தது இதுதான்: காலை எட்டுக்கு நிற்க வேண்டும், இரவு எட்டரைக்குப் பூட்டு. நியமனக் கடிதம் இல்லை, வரவு இடாப்பு இல்லை. குடும்பத்துக்குள் இடாப்பு எதற்கு என்று கேட்கிறார். இந்தக் குடும்பத்தில் பிள்ளைகள் கதிரையில் இருக்கவும் கூடாது, சனம் வராத நேரத்திலும் நிற்க வேண்டும். பில் போடுகிற எனக்கு மட்டும் ஒரு கதிரை. ஜெயரூபினி என்று ஒரு பிள்ளை, முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவள், புருசன் கடற்றொழில். எங்கள் ஒழுங்கையில்தான் அறை எடுத்து இருக்கிறாள். வயிற்றில் ஐந்து மாதம். அவளும் நிற்கிறாள்.

லக்ஷனைப் பக்கத்து வீட்டுக் கமலாசனி அக்கா பார்க்கிறா. போன கிளினிக்கில் நிறைக் கோடு படுத்துவிட்டது. மிஸ்ஸி, அதுதான் எங்கள் குடும்பநல மாது, அட்டையைக் காட்டி, "ஆறு மாசப் பிள்ளைக்கு இது காணாது. ஒரு கொப்பி போடுங்கோ. எத்தினை மணிக்குப் பால் குடுத்தது, எத்தினைக்கு வேலைக்குப் போனது, எத்தினைக்கு வந்தது, பிந்தினால் ஏன் பிந்தினது, எல்லாம் எழுதுங்கோ" என்றா. எழுதுகிறேன்.

கேட்க வெட்கமாக இருக்கிறது. மத்தியானம் ஒரு மணித்தியாலம் வீட்டுக்கு வந்து பால் கொடுத்துவிட்டுப் போக விடச் சொல்லி, அத்தான் மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லுவாரோ? கேட்டுப் பாருங்கோ.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்லுங்கோ.

உங்கள் தங்கச்சி
கௌசலா

*

தண்ணீரூற்று
06.10.2024

என் அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் அதிபரின் மேசையில் மூன்று நாள் கிடந்து கைக்கு வந்தது. நாங்கள் சுகம். பிரியந்தினிக்கு இருமல் போய்ப் பல் ஆடுகிறது. லக்ஷனின் நிறையை நினைத்து மனம் சரியில்லை. ஆறு மாதம் முடிந்தால் கஞ்சி, மரக்கறி மசித்து எல்லாம் கொடுக்கலாம், பாலை மட்டும் நம்பியிராதே.

அத்தானிடம் கேட்கச் சந்தர்ப்பம் வரவில்லை. கடைச் சாமான் ஏற்றும் அந்தச் சின்னப் பட்டா லொறியில் கொழும்புக்கும் கிளிநொச்சிக்குமாகத் திரிகிறார். வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டு விழுந்து படுப்பதுதான். மாமாவின் வேலைகளை எல்லாம் இப்போது இவர்தான் தலையில் போட்டுக்கொண்டு

மாமா கெட்ட மனிதர் இல்லை, கௌசி. பிள்ளை குட்டி இல்லாதவர், கடைதான் அவருக்குப் பிள்ளை. தீபாவளி முடியும் மட்டும் பொறு. பிறகு நீயே பக்குவமாகக் கேள். அந்தக் கொப்பியைக் கடைக்குக் கொண்டு போகாதே, கண்டால் வேறு மாதிரி நினைப்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
தாட்சாயினி

*

திருவையாறு
17.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்கள் அங்கே சுகமாக இருந்தால் அது போதும். மழை பிடித்துவிட்டது, நிரஞ்சனுக்கு உப்பளத்தில் இனி மாசி, பங்குனிக்குத்தான் வேலை. வீடு இப்போது என் சம்பளத்தில் நிற்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் வாய் திறக்கும்போது எவ்வளவு யோசித்துத் திறந்தேன் என்று உங்களுக்குத் தெரியவேண்டும்.

திறந்தேன். கிளினிக் மிஸ்ஸி சொல்லித் தந்தபடியே கேட்டேன். "மாமா, ஒரு வயசுக்குக் கீழ பிள்ளை இருந்தால் பால் குடுக்க நேரம் விட வேணும் எண்டு சட்டம் இருக்காம்." கோபிக்கவே இல்லை, அக்கா. சிரித்தார். சாறி மடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகளைப் பார்த்து, "கேட்டியளே கதையை? சட்டம் முதலாளிக்குத்தானே பிள்ளை. மாமாவுக்கு என்ன சட்டம்?" என்றார். பிள்ளைகளும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் எனக்கு ஆற்றாமல் கிடக்கிறது.

பின்னேரம் நாலு மணி ஆனால் சட்டை நனையத் தொடங்கும். ஒரு துவாயை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு இருக்கிறேன். அங்கே லக்ஷன் போத்தலைத் தட்டிவிட்டு அழுகிறானாம். பால் இங்கே, பிள்ளை மூன்று மைல் தள்ளி.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் "தலையில் போட்டுக்கொண்டு" என்றதற்குப் பிறகு இரண்டு வரி வெட்டியிருந்தது. வெட்டின இடத்தைப் பேனையால் திரும்பத் திரும்ப உரசி, தாள் கிழிகிற அளவுக்கு. பதினாறு வருசம் கரும்பலகையில் எழுதுகிற நீங்கள் வெட்டி எழுதுகிற ஆள் இல்லை. என்ன அது?

பிரியந்தினிக்கு என் முத்தம்.

கௌசலா

*

தண்ணீரூற்று
23.10.2024

அன்புத் தங்கச்சி,

சுகம். பரீட்சைத் தாள் திருத்துகிற அவசரம். வெட்டினது ஒன்றுமில்லை, பிரியந்தினி கையைத் தட்டினாள். நீ எதற்கும் அர்த்தம் தேடாதே.

மாமாவோடு சட்டம் கதைக்கப் போகாதே. தீபாவளி மட்டும் என்று சொன்னேன்தானே. அத்தானும் அதைத்தான் சொல்லுவார்.

லக்ஷனுக்குக் குளிர் படாமல் பார்.

அக்கா

*

திருவையாறு
04.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் சுகத்துக்கு எழுதவும். எங்கள் சுகத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

தீபாவளிக்கு முதல் நாள் இரவு பத்து மணிக்கும் கடைக்குள் சனம். மேல்மாடியில் இருந்து சாறிக் கட்டுகளை இறக்கச் சொல்லி மாமா ஜெயரூபினியை மூன்று தரம் ஏற்றினார். மூன்றாம் தரம் இறங்கும்போது படியில் குந்தினாள். குந்தினாள் என்றுதான் நினைத்தேன். சாறிகள் சரிந்து கீழே வர, பின்னாலே அவளும் சரிந்தாள். நல்ல காலம், மூன்று படிதான். தண்ணீர் தெளித்து எழுப்பினோம். கண் திறந்து முதல் கேட்டது, "பிள்ளை அசையுதோ அக்கா?" என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு உதை. கடைக்குள் நின்ற ஒரு அம்மா பெலத்து அழுதுவிட்டா.

மாமா சோடா எடுத்துக் கொடுத்தார், அதைச் சொல்ல வேணும். அடுத்த நாள் அவளைக் கூப்பிட்டு ஒரு சாறியைக் கையில் கொடுத்தார். "இது தீபாவளிக்கு. இனி வரவேண்டாம் பிள்ளை, வீட்ட இருந்து உடம்பைப் பாரும்." பிரசவ லீவோ மாமா என்று அவள் கேட்டாள். "குடும்பத்துக்குள்ள லீவு என்ன, போறது வாறதுதானே" என்றார். பிறகு வரலாமோ என்று கேட்டாள். மாமா அடுத்த சனத்தைக் கவனிக்கப் போய்விட்டார். மூன்றாம் நாள் அவளுடைய இடத்தில் வேறு பிள்ளை நிற்கிறது.

மூன்று வருசம் அங்கே நின்றவள். அவளுடைய பேர் எழுதின ஒரு துண்டுத் தாள் கூட அந்தக் கடையில் இல்லை.

அக்கா, நான் இதைத்தான் ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்குக் கதிரை இருந்தது. இந்த மூன்று மாதத்தில் ஒரு நாள், ஒரு பத்து நிமிசம், எழும்பி அவளை அதில் இருத்தவில்லை. மாமா பார்ப்பாரே என்று.

அவள் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டாள். கடைக்கு வந்து பார்ப்பார்களாம். என்னையும் கேட்பார்களாம். என்ன சொல்ல? கெதியாக எழுதுங்கோ.

எங்கள் சுகம்: லக்ஷனுக்குச் சளி.

கௌசலா

*

திருவையாறு
21.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பதினேழு நாள் ஆகிவிட்டது. உங்களுக்குச் சுகமில்லையோ, பிள்ளைக்குச் சுகமில்லையோ என்று ஒவ்வொரு நாளும் நினைப்பு. கமலாசனி அக்கா தபால்காரனைக் கண்டாலே "இல்லையாம்" என்று தலையாட்டப் பழகிவிட்டா.

நான் ஒரு பிழை விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை தொழில் உத்தியோகத்தர் வந்தா. என் வயதுதான் இருக்கும், மூக்குக்கண்ணாடி, தோளில் பெரிய பை. இடாப்பைக் கேட்டா. மாமா தேத்தண்ணீர் எடுப்பித்தார். "இது குடும்பக் கடை மிஸ். வேலையாள் எண்டு இஞ்ச ஒருத்தரும் இல்லை. எல்லாம் எங்கட பிள்ளையள், வந்து நிண்டு உதவி செய்யுறது." அவ என்னிடம் வந்தா. பேரை எழுதினா. மாமா என் கதிரைக்குப் பின்னால் நிற்கிறார். நல்லெண்ணெய் மணம் எனக்குக் கழுத்தில் படுகிறது.

"இவர் உங்களுக்கு என்ன முறை?"

நான் யோசிக்கவே இல்லை, அக்கா. நாளைக்கு நூறு தரம் சொல்லுகிற சொல். "மாமா" என்றேன்.

"மற்றப் பிள்ளையளுக்கு?"

"எல்லாருக்கும் மாமாதான்."

"ஜெயரூபினிக்கு?"

"அவளுக்கும்... மாமா."

அவ பேனையை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தா. ஏதாவது சேர்த்துச் சொல்லப் போகிறேனோ என்று காத்திருந்த மாதிரி. நான் கூப்பிடுகிற முறையைச் சொல்லவில்லை மிஸ், கூப்பிடச் சொன்ன முறையைச் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். அவ எழுதி முடித்து, வாசித்துக் காட்டினா: கடையில் நிற்பவர்கள் அனைவரும் உரிமையாளருக்கு மருமக்கள் முறையானவர்கள். கீழே கையெழுத்து வைத்தேன். கையெழுத்து என்னுடையதுதான்.

அவ போன பிறகு மாமா என் தலையைத் தடவினார். "சஜீவன்ர மச்சாள் எண்டால் சும்மாவே."

அன்றைக்கு மட்டும் என்னை ஐந்து மணிக்கு வீட்டுக்கு விட்டார். அதை நினைக்க அருவருக்கிறது. எழுதுங்கோ அக்கா.

கௌசலா

*

தண்ணீரூற்று
25.11.2024

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்த அன்றே எழுதுகிறேன். நாங்கள் சுகம், பயப்படாதே.

நீ ஒரு பிழையும் விடவில்லை. மாமா என்றுதானே கூப்பிடுகிறாய்? கூப்பிடுகிற முறையைத்தான் சொன்னாய். பொய் சொல்லவில்லை. எழுதினது எழுதினதாக இருக்கட்டும். திரும்பப் போய்க் கிளறாதே. அந்தப் பிள்ளை பாவம்தான், நான் அவளுக்கு ஏதாவது அனுப்பி வைக்கிறேன். ஆனால் நீ அந்தத் தொழில் கந்தோர்ப் பக்கம் போகாதே.

உன் வேலையை நினை. லக்ஷனை நினை. என்னையும் ஒருக்கால் நினை.

அக்கா

*

திருவையாறு
09.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறீர்கள் என்று எழுதினீர்கள், சந்தோசம். ஜெயரூபினி விழுந்தது எழுதினபோது பதினேழு நாள் பதில் இல்லை. நான் பொய்க்குக் கையெழுத்து வைத்தேன் என்று எழுதினதும் நாலாம் நாள் பதில். "என்னையும் ஒருக்கால் நினை" என்ற வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. உங்களை ஏன் நினைக்க வேணும் இந்த விசயத்தில்? விளங்கவில்லை.

போன ஞாயிறு இரவு ஜெயரூபினி வந்தாள். வாசலில் நின்றபடியே தொடங்கிவிட்டாள். "கௌசி அக்கா, எனக்கும் அவர் மாமாவாமே, கந்தோரில வாசிச்சுக் காட்டினவை? அம்மாவிட்டக் கேட்டனான், எங்கட சாதி சனத்தில அப்பிடி ஒரு தம்பி அவாவுக்கு இல்லையாம். சரி, இருக்கட்டும். மாமாவின்ர சொத்தில மருமகளுக்கும் பங்கு வருமோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோவன். மேல்மாடி காணும் எனக்கு. நான் விழுந்த இடம்."

அடித்திருந்தால் கூட இவ்வளவு நோகாது. உள்ளே கூப்பிட்டு இருத்தினேன். இருந்தவள் லக்ஷனை வயிற்றுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு சிரிக்கிறாள், பிறகு சத்தமில்லாமல் அழுகிறாள். "மூண்டு வருசம் நிண்டனான் எண்டதுக்கு என்ன சாட்சி எண்டு கேக்கினம் அக்கா. என்னட்ட என்ன இருக்கு? காலில வீக்கம்தான் இருக்கு."

அவள் போனபிறகு லக்ஷனுக்குப் பால் கொடுத்துவிட்டு வழமை போல் கொப்பியை எடுத்தேன். எழுதப் போய், பழைய பக்கங்களைப் புரட்டினேன்.

"போனது 7.30. வந்தது 8.50, ரூபியோடு." "வந்தது 9.10, சாமான் வந்தது, ரூபியும் நானும் அடுக்கினோம்." "ரூபிக்குக் கால் ஏலாது, சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தது, 9.25." ஒவ்வொரு நாளும், அக்கா. ஏன் பிந்தினது என்று மிஸ்ஸி எழுதச் சொன்னபடியால் எழுதினது. மாதம் ஒரு தரம் மிஸ்ஸி பார்த்துத் திகதி போட்டுக் கையெழுத்தும் வைத்திருக்கிறா. கடையில் இல்லாத இடாப்பு என் வீட்டுக் குசினி அலுமாரிக்குள் கிடந்திருக்கிறது.

17ஆம் திகதி மாமாவிடம் கிளினிக் என்று சொல்லிவிட்டுத் தொழில் அலுவலகத்துக்குப் போகப் போகிறேன். என் வாக்குமூலத்தைத் திருத்தக் கேட்பேன். அதற்கு முதல் உங்களுக்குச் சொல்ல வேணும் போல் இருந்தது.

கௌசலா

*

கிளிநொச்சி
18.12.2024

அக்கா,

சுகம் விசாரிக்க மனம் வரவில்லை.

உத்தியோகத்தர் கோப்பைத் திறந்து, முதல் பக்கத்தில் இருந்ததை வாசித்தா. கடையின் பதிவு உரிமையாளர்: சஜீவன். விலாசம்: தண்ணீரூற்று. பதிவு மாற்றின திகதி ஒக்ரோபர் இரண்டு.

"இவரைத் தெரியுமோ?" என்று கேட்டா. எங்கட அத்தான் என்று சொன்னேன். இந்த முறையாவது உண்மையான முறை.

வெட்டின இரண்டு வரி அதுதானே?

கொப்பி பைக்குள் இருந்தது. நான் வெளியில் எடுக்கவில்லை. யோசித்து வாறன் மிஸ் என்று எழும்பி வந்துவிட்டேன். ஜனவரி 28 விசாரணை. கடிதம் அத்தானின் பேருக்கு வரும்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை?

கௌசலா

*

தண்ணீரூற்று
07.01.2025

கௌசிக்கு,

புது வருசமும் பிறந்துவிட்டது. நீங்கள் மூன்று பேரும் நல்லாயிருக்க வேணும் என்று அம்மாளாச்சியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். உன் கடிதத்தை இரண்டு கிழமைக்கு மேலாகக் கைப்பைக்குள் கொண்டு திரிந்தேன்.

ஓம். வெட்டினது அதுதான்.

மாமா செப்ரெம்பர் கடைசியில் வந்து, "எனக்குப் பிறகு உனக்குத்தானே சஜீவன், இப்பவே உன்ர பேருக்கு மாத்திவிடுவம்" என்றார். அத்தான் அன்றைக்குப் பிரியந்தினியைத் தூக்கிச் சுத்தினார். ஏழு வருசம் அந்த லொறியை ஓடினதற்கு ஒரு மதிப்பு வந்தது என்று. வெளியில் சொல்ல வேண்டாம், கண்ணூறு படும் என்றார் மாமா. அதனால்தான் வெட்டினேன். அதற்கு முதல் கிழமை வேறொரு கடையில் தொழில் கந்தோர் ஆட்கள் புகுந்ததைக் கண்டு பயந்துதான் மாமா பேரை மாற்றினார் என்று எங்களுக்கு அப்போது எப்படித் தெரியும்?

விசாரணைக் கடிதம் வந்ததும் அத்தான் மாமாவிடம் ஓடினார். மாமா என்ன சொன்னார் தெரியுமோ? "கடை உன்ர பேரில. நீதானே முதலாளி, நீ போய் நில்லு. நான் வயசு போன மனுசன், வந்து பக்கத்தில இருக்கிறன்." வீட்டுக்கு வந்த மனிதன் இரண்டு நாள் லொறியை எடுக்கவில்லை. பிரியந்தினி என்னிடம் கேட்கிறாள், அப்பாவைப் பொலிஸ் பிடிக்குமோ என்று.

அந்தக் கொப்பி இல்லை என்றால் உன் முதல் வாக்குமூலம் நிற்கும். எல்லாரும் மருமக்கள், முதலாளி என்று ஒருவர் இல்லை. அத்தான் தப்புவார். கொப்பி போனால் வழக்கு இவருடைய பேரில் வரும்.

நான் உனக்கு அக்கா மட்டுமில்லை, அம்மா போன பிறகு உன்னைப் படிப்பித்தவள். இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. அந்தக் கொப்பியை எரித்துவிடு.

தாட்சாயினி

*

திருவையாறு, கிளிநொச்சி
30.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள், அத்தான், பிரியந்தினி மூவரும் எப்படி இருக்கிறீர்களோ என்று இந்த மூன்று கிழமையாக நினையாத நேரம் இல்லை. லக்ஷன் சுகம். நிறைக் கோடு கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது.

உங்கள் கடிதம் வந்த அன்று கொப்பியைக் குசினிக்குக் கொண்டு போனேன். நிரஞ்சன் பார்த்துக்கொண்டு நின்றார். அடுப்புக்கு முன்னால் இருந்து, கடைசியாக ஒரு தரம் என்று ரூபி விழுந்த ஒக்ரோபர் முப்பதாம் பக்கத்தைத் திறந்தேன். அதோடு முடிந்தது. நீங்கள் என்னைப் படிப்பித்ததை நான் மறக்கவில்லை அக்கா. வாசிக்கத் தெரியாதவளாக இருந்திருந்தால் எரித்திருப்பேன்.

ஜெயரூபினிக்கு 22ஆம் திகதி பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். விசாரணைக்கு அவளுடைய மனிசன் யூட்சன் முல்லைத்தீவில் இருந்து முதல் பஸ்ஸில் வந்தார். கடற்காற்றில் காய்ந்த முகம், அயன் பண்ணின சேட்டு. அத்தானின் கதிரை வெறுமையாகக் கிடந்தது. மாமா அதற்குப் பக்கத்தில் இருந்தார்.

நான் கொப்பியை மேசையில் வைத்தேன். உத்தியோகத்தர் புரட்டிப் பெலத்து வாசித்தா. "ஒக்ரோபர் 30. போனது 7.30. வந்தது 10.50. ரூபி படியில் மயக்கம். இடது பக்கம் கட்டி, பால்..." அதோடு நிறுத்திவிட்டு, மிச்சத்தை மனதுக்குள் வாசித்தா. எனக்கு முகம் முழுக்கச் சூடு. யூட்சன் தலையைக் குனிந்துகொண்டார்.

மாமா என்னைப் பார்த்து மெல்லமாகச் சொன்னார். "மகளே, பிள்ளைக்குப் பால் குடுத்த கதையைக் கொண்டு வந்து உம்மட அக்கா புருசனை மறியல் கம்பிக்குள்ள அனுப்பப் போறீரோ?"

அந்த ஆளின் குரலில் கோபமே இல்லை, அக்கா. அதுதான் பயம்.

உத்தியோகத்தர் என் பழைய வாக்குமூலத்தை எடுத்து விரித்தா. "திருப்பிக் கேக்கிறன். இவர் உங்களுக்கு என்ன முறை?"

"முதலாளி."

"கேக்கேல்லை."

"முதலாளி, மிஸ்." இந்த முறை வெளியில் வாங்கில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு என்னிடம் கேட்காத ஒன்றையும் சொன்னேன். அதற்கு நீங்கள் என்னை ஏசலாம். "இவர் சொல்லுற சஜீவன் முதலாளி இல்லை மிஸ். அவர் ஏழு வருசமாப் பட்டா லொறி ஓடுறவர். அவருக்கும் நியமனக் கடிதம் இல்லை. அவருக்கும் இவர் மாமாதான்." உத்தியோகத்தர் எழுதாமல் கேட்டுக்கொண்டிருந்தா. "பதிவு ஆர்ர பேரில எண்டது ஒண்டு. ஆர் வேலைக்கு எடுத்தது, ஆர் நிப்பாட்டினது, ஆர் சம்பளம் குடுத்தது எண்டது இன்னொண்டு. ஆனால் அதை நீங்கள் சொல்லி நான் எழுத ஏலாது தங்கச்சி. அவர் வந்து சொல்ல வேணும். வராவிட்டால் தாளில இருக்கிறதுதான் நிக்கும்" என்றா.

அடுத்த நாள் வேலைக்குப் போனேன். போகாமல் வீடு நடவாது. என் கதிரையைக் காணவில்லை. நின்றபடி பில் போடுகிறேன். கால் உளைகிறது. ஆனால் இப்போது நாங்கள் எல்லாரும் ஒரே உயரம். தாட்டியான புதுப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள், நேற்று மெல்லமாகக் கேட்டாள்: "அக்கா, இனி இவரை என்னெண்டு கூப்பிடுறது?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலாளி என்று கூப்பிட்டுப் பார் என்றேன். கூப்பிட்டாள். மாமா திரும்பவில்லை. இரண்டாம் தரம் திரும்பினார்.

உத்தியோகத்தர் திரும்ப வருவா என்ற பயத்தில் இந்தக் கிழமை ஐந்தரைக்கு விடுகிறார். வெளிச்சம் இருக்கவே வீட்டுக்கு வந்தேன். லக்ஷன் கமலாசனி அக்காவின் இடுப்பில் இருந்தான். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழத் தொடங்கினான். அந்த நேரத்தில் என்னைக் கண்டு அவனுக்குப் பழக்கமில்லை. வாங்கோ என்று கை நீட்டினேன், வரவில்லை. கொஞ்சம் பொழுதுபட்ட பிறகுதான் வந்தான். இருட்டில்தான் அவனுக்கு என்னைத் தெரியும்.

அக்கா, எனக்கு 'முதலாளி' என்று சொல்ல இரண்டு தரம் தேவைப்பட்டது. அத்தானுக்கு அது இன்னும் கஷ்டம். எனக்குச் சொல்லித் தந்த மாமா, அவருக்குப் பிறந்த வழியில் மாமா. தாயின் தம்பியைப் போய் முதலாளி என்று சொல் என்று ஒரு மனிதனிடம் கேட்பது எவ்வளவு பெரிய விசயம் என்று எனக்குத் தெரியும். நீங்கள்தான் கேட்கலாம். வேறு ஒருவரும் கேட்க முடியாது.

விசாரணைக்கு அடுத்த தவணை பெப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை. அந்தக் கதிரை வெறுமையாகக் கிடந்தால் வழக்கு அவருடைய பேரில்தான் எழுதப்படும். முதல் பஸ் பிடித்தால் நேரத்துக்கு வரலாம். இரவே வந்து எங்கள் வீட்டில் தங்கினாலும் சந்தோசம், நிரஞ்சன் பஸ்ஸடிக்கு வருவார். நீங்களும் வந்தால் லக்ஷன் உங்களைக் காண்பான்.

என்னோடு கோபம் என்றால் அதைப் பிறகு எழுதுங்கோ, எத்தனை பக்கம் என்றாலும் வாசிப்பேன். இப்போது அத்தான் வருவாரோ, மாட்டாரோ, அதை மட்டும் எழுதுங்கோ. ஒரு வரி போதும், வெட்டாமல். கெதியாகப் பதில் போடுங்கோ.

உங்கள் தங்கச்சி
கௌசலா